செலினின் முதுகு

1

ஊரிலிருந்து யார் எழுதினாலும் கடைசி வரியில் "பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டிருப்பார்கள். நானும் "நலமாக இருக்கிறாள்" என்று எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டுவிடுவேன். அதற்குமேல் எழுதினால் யாருக்குப் புரியும் என்ற அலுப்பு. ஆனால் போன வியாழக்கிழமை செலினை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்தேன். இன்று ஞாயிறு. இன்னும் என் படபடப்பு அடங்கவில்லை. அதனால் இந்த முறை என் மகளின் முதுகைப் பற்றி விவரமாகச் சொல்லப்போகிறேன். காரைக்கால்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

எழுபதுகளின் தொடக்கத்தில், அப்பா விட்டுச்சென்ற பிரெஞ்சுக் குடியுரிமையை நம்பி நானும் என் மனைவி லூர்துவும் பாரிஸ் பக்கம் வந்தோம். எனக்கு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை. லூர்துவுக்குத் தையல் கூடத்தில். செலின் இங்கேதான் பிறந்தாள். எங்களுக்கு ஒரே பெண். இப்போது பன்னிரண்டு முடிந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். லூர்து கேட்டால் மட்டும் தமிழ், அதுவும் சோறு சம்பந்தப்பட்டதாக இருந்தால்.

போன குளிர்காலத்தில் அவள் பள்ளிக்கு வந்த டாக்டர் பிள்ளைகளின் முதுகை வரிசையாகப் பார்த்தார். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் முதுகு என்பது வாத்தியார் கை வைப்பதற்கு இருந்த இடம். டாக்டர் வந்து பார்ப்பார் என்று யார் கண்டது? செலினுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு வந்தது. கூன் விழுகிறதாம்.

ஆஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்பில் இன்னும் குறை இல்லை. பழக்கத்தில்தான் குறை. தோள் முன்னால் விழுகிறது, முதுகு வளைகிறது. வளரும் வயது. இப்படியே விட்டால் எலும்பும் அதையே பழகிக்கொள்ளும். பயிற்சி செய்யட்டும். செப்டம்பரில் மறுபடி பார்ப்பேன். அப்போதும் நிமிரவில்லை என்றால் கட்டுச்சட்டைதான்."

கட்டுச்சட்டை என்றால் இடுப்பிலிருந்து அக்குள் வரை உடலை அளவெடுத்து அச்சு வார்த்துச் செய்யும் ஒரு கூடு. இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும், வருடக்கணக்கில். ஆஸ்பத்திரி நடைவழியில் அதைப் போட்டிருந்த ஒரு பையனைப் பார்த்தோம். கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்க, மேசை இறங்குவதுபோல முழுதாக இறங்கினான். அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை செலின் எந்த மொழியிலும் பேசவில்லை.

2

பயிற்சி கொடுப்பவரை இங்கே கினே என்பார்கள். மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. உடலை அசைக்கச் சொல்லியே சரிசெய்வார்கள். ஆனால் அதற்குக் காப்பீட்டு அலுவலகம் முதலில் சம்மதிக்க வேண்டும். அங்கேதான் எங்களைப் பிடித்தார்கள். எனக்குக் குடும்பப்பெயராக இருப்பது அப்பாவின் பெயர். லூர்துவின் கடவுச்சீட்டில் இருப்பது அவள் அப்பாவின் பெயர். செலினின் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கூப்பிடுவது இன்னொன்று.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் மூவரும் ஒரே குடும்பமா?" என்றாள்.

"பன்னிரண்டு வருடமாக" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தாள்களைத் திருப்பித் தந்தாள். நானே ஓர் அலுவலகத்தில் அதே மாதிரி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து அதே மாதிரி தாள்களைத் திருப்பித் தருகிறவன் என்பதால் கோபம்கூட முழுதாகப் பட முடியவில்லை. இவர்கள் முத்திரை குத்தும்வரை பிள்ளையின் எலும்பு காத்திருக்குமா?

ஒருவழியாகச் சம்மதம் வந்தது. புதன்கிழமை பள்ளி விடுமுறை. புதன்தோறும் கினேயிடம் போனாள். உயரமான, குரல் கனத்த அம்மாள். சுவரில் குதிகால், இடுப்பு, தோள், பின்தலை நான்கும் படும்படி நிற்கச் சொல்லுவார். பிறகு சுவரை விட்டு விலகி, அதே நிலை கலையாமல் நடக்கச் சொல்லுவார். குப்புறப் படுத்து, கைகளைச் சிறகுபோல் விரித்து நெஞ்சைத் தூக்க வேண்டும். தலையில் சிறிய மணல்பையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நான்கு கால் நடை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை நீட்டி, கூடம் முழுக்கத் தவழ வேண்டும். "குழந்தை எழுந்து நிற்பதற்கு முன்னால் முதுகைப் பலப்படுத்திக்கொள்வது இப்படித்தான். நாமும் திரும்பி அங்கேபோய்த் தொடங்குகிறோம்" என்றார் கினே.

கோடையில் காரைக்கால் போகிறோம் என்றதும் அவர் முகம் மாறியது. "ஒருநாள்கூட விடக்கூடாது. இவ்வளவு நாள் சேர்த்ததெல்லாம் இரண்டு மாதத்தில் போய்விடும்."

விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தவன் நான்.

3

முதல் சோதனை மீனம்பாக்கத்திலேயே வந்தது. சுங்க அதிகாரி பெட்டியைக் கிளறி மணல்பையை வெளியே எடுத்தார்.

"என்ன சார் இது?"

"மணல்."

"பிரான்சிலேருந்து மணலா? எந்த ஊருக்குப் போறீங்க?"

"காரைக்கால்."

"அங்க கடலே இருக்கே சார்!"

பிள்ளையின் தலையில் வைப்பதற்கு என்றேன். அவர் என்னை ஒரு முறை, பிள்ளையின் தலையை ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவால் பையைக் குத்திப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் போகச் சொன்னார். காரைக்கால் போய்ப் பெட்டியைத் திறந்தால் எல்லாச் சட்டையிலும் பிரான்ஸ் மணல்.

என் அக்கா பிலோமினா காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருக்கிறாள். அத்தான் இறந்தபிறகு அந்த வீட்டுக்கு அவள்தான் ராணி, மந்திரி, காவல். முதல்நாள் காலை செலின் கூடத்தில் தவழத் தொடங்கியதும் அக்கா அடுப்படியிலிருந்து வந்து, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இது என்ன தம்பி, புள்ளைய மாடு மாதிரி நடக்க உட்டுருக்கே?"

சொன்னேன். டாக்டர், எலும்பு, செப்டம்பர், கட்டுச்சட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா ஒரே ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"கூனா? மெதுவாப் பேசு! வெளிய தெரிஞ்சா நாளைக்கி எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"அவளுக்குப் பன்னிரண்டு வயசுக்கா."

"வயசு நிக்கவா போவுது?"

அந்த நேரம் பார்த்து, காரைக்கால்மேட்டிலிருந்து தினமும் மீன் கொண்டுவரும் அஞ்சலை கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தாள். செலின் அப்போது கட்டிலடியைக் கடந்துகொண்டிருந்தாள்.

"என்னாம்மா, பாப்பா எதையாச்சும் தொலைச்சுட்டுதா?"

"ஆமா அஞ்சலை, தோட்டுத் திருகாணி" என்று அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள்.

மறுநாளும் அஞ்சலை வந்தாள். செலினும் தவழ்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னிக்கி என்னா தொலைஞ்சுது?"

அன்றைக்கு ஊக்கு. அதற்கடுத்த நாள் ஜெபமாலை மணி. ஒரு வாரத்தில் தெரு முழுக்க, பிரான்சிலிருந்து வந்த பெண் சாமான் வைக்கத் தெரியாதவள் என்று பேராகிவிட்டது. பக்கத்து வீட்டு வாண்டுகள் தேடிக்கொடுப்பதற்கென்று வந்து, அவளுக்குப் பின்னால் வரிசையாகத் தவழ்ந்தன. கூன் என்ற பெயரைவிட இது மேல் என்று அக்காவுக்குத் திருப்தி. செலினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அஞ்சலை சொல்வதை அதே இழுப்போடு சொல்லிக்காட்டுவாள். வாழ்க்கையில் அவள் தானாக விரும்பிக் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வாக்கியம் அதுதான். பயிற்சியும் ஒழுங்காக நடந்தது. சுவரோரம் நின்றால் நான்கு இடமும் தானாகவே பட்டன. கினேவுக்குக் கொடுத்த வாக்கு நிறைவேறிவிடும் என்றே நினைத்தேன்.

4

மூன்றாவது வாரம் செலின் பெரியவளானாள்.

அதோடு என் அதிகாரம் போயிற்று. அக்கா அவளை உள்ளறையில் உட்காரவைத்தாள். மாதா கோயிலுக்குப் போகிற குடும்பமாக இருந்தாலென்ன, இந்த விஷயத்தில் காரைக்காலில் எல்லா வீடும் ஒரு வீடுதான். உளுத்தங்களி வந்தது, நல்லெண்ணெய் வந்தது, பார்க்க வரும் பெண்கள் வந்தார்கள். லூர்துவின் அண்ணன் தாய்மாமன் சீரோடு வரும்வரை அவள் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது, தவழக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது.

"அக்கா, பயிற்சி நின்னா முதுகு போயிடும்."

"ஆம்பள நீ இந்தப் பக்கமே வரக்கூடாது. முதுகைப் பத்திப் பேச வந்துட்டே."

லூர்துவிடம் போனேன். அவளாவது எடுத்துச் சொல்லுவாள் என்று எண்ணினேன்.

"ஏங்க, அந்த ஊர்ல இந்தப் புள்ளைய நான் தனியா பெத்தேன். தனியா வளத்தேன். காய்ச்சல் வந்தா ராத்திரி முழுக்கத் தனியாத்தான் ஒக்காந்திருந்தேன். இப்ப ஒரு தடவ நாலு சொந்தக்காரங்க வந்து அவள வாழ்த்திட்டுப் போவட்டும். அது ஒங்களுக்குப் பொறுக்கலியா?"

நான் வாசலுக்குத் திரும்பிவிட்டேன்.

செலின் கத்தி அமர்க்களம் செய்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். பாரிசில் ஜன்னலைச் சாத்தச் சொன்னாலே காரணம் கேட்கிறவள். ஆனால் அவளுக்கு அந்த அறை பிடித்துவிட்டது. சுற்றிலும் பத்துப் பெண்கள், தலைக்கு எண்ணெய், கைக்கு மருதாணி, வாயில் எப்போதும் ஏதோ ஓர் இனிப்பு. இத்தனை பேருக்கு நடுவில் அவள் இருந்ததே இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும்.

"தோள உள்ள இழு பாப்பா. இனிமே நீ சின்னப் புள்ள இல்ல. பெரியவங்க வந்தா, அப்பா மாமா வந்தா, தலை தானா தாழணும். வெறப்பா நிக்கக்கூடாது."

"இப்படியா அத்தை?"

"ஆ! அப்புடித்தான்! எங்க ஆத்தா, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

புதன்தோறும் பஸ் ஏறிப்போய், முத்திரைக்காக அலைந்து, ஒவ்வொரு விரற்கடையாக நிமிர்த்தியதை என் அக்கா களியும் முத்தமும் கொடுத்து வளைத்துக்கொண்டிருந்தாள்.

5

சடங்கு முடிந்து தாவணியோடு வெளியே வந்தவள் வேறு பெண். தலை தாழ்ந்திருந்தது. தோள் இரண்டும் முன்னால் வந்து, கை முந்தானையைப் பிடித்திருந்தது. வந்தவர்கள் எல்லாம், "பிரான்சுல வளந்த புள்ள மாதிரியா இருக்கு? என்ன அடக்கம்!" என்றார்கள். லூர்துவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. நானும் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பிள்ளை கைநழுவிப் போகிறாள், நம்மைப்போல் இல்லை என்று இத்தனை வருடம் புலம்பியவன்தானே. இப்போது முழுசாக நம் பெண்ணாக வந்து நிற்கிறாள். எனக்கோ அந்தக் கட்டுச்சட்டைப் பையன் கைக்குட்டைக்கு இறங்கியதுதான் கண்ணில் தெரிகிறது.

பயிற்சியை மறுபடி தொடங்கினோம். அவள் செய்தாள். ஆனால் பயிற்சி முடிந்து எழுந்ததும் பழையபடி வளைந்துகொண்டாள். நாள் முழுக்க "நிமிர், நிமிர்" என்று அவள் பின்னாலேயே திரிந்தேன். சொல்லச்சொல்ல இன்னும் வளைந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டமாக நின்றிருந்தோம். செலின் அக்காவுக்கும் லூர்துவுக்கும் நடுவில் கேள்விக்குறிபோல நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நிமிர்ந்து நில்லுடி!"

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லாரும் திரும்பினார்கள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "கோயில் வாசல்ல நின்னுகிட்டு, வயசு வந்த புள்ளைய இப்புடி அதட்டுற அப்பன நான் பாத்ததே இல்ல" என்றாள்.

செலின் தலையைத் தூக்காமலே, தமிழில் கேட்டாள்: "எப்படித்தான்ப்பா நடக்கணும்? அங்க நேரா நடந்தா, வெள்ளக்காரி மாதிரி நடக்காதேன்னு சொல்லுவீங்க. இங்க அத்தை மாதிரி நடந்தா, நிமிருன்னு சொல்றீங்க."

நான் அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. லூர்துவைப் பார்த்தேன். அவள் மாதா சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். கினே அம்மாளும் வந்திருந்தார். செலினை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். லூர்துவுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. நான் நடைவழியில் உட்கார்ந்து, கூடு செய்ய எத்தனை நாள் பிடிக்கும், அதைப் போட்டுக்கொண்டு பள்ளியில் எப்படி உட்காருவாள், மற்றப் பிள்ளைகள் என்ன சொல்லும் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து வியர்த்துப்போனேன். அக்காவை மனதுக்குள் திட்டினேன். லூர்துவைத் திட்டினேன். முத்திரைக்காரியைத் திட்டினேன்.

கதவு திறந்து என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டரின் முகம் சிரித்த மாதிரி இருந்தது.

"நல்ல முன்னேற்றம். எனக்கே ஆச்சரியம். பாருங்கள்…" என்று செலினின் பக்கம் கையை நீட்டியவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

செலின் வளைந்து நின்றாள். தோள் முன்னால், தலை கீழே, கை மட்டும், அங்கே இல்லாத முந்தானையைத் தேடிக்கொண்டு.

டாக்டரும் கினேயும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஐயா, கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார் டாக்டர். வெளியே போனேன். கதவு மூடியது. சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்தேன். இந்த முறை நானே பார்த்தேன். கதவு திறந்த நொடியில் என் மகள் சுவரோரம் பனைபோல நேராக நின்றிருந்தாள். சடங்குக்குப் பிறகு அப்படி அவள் நின்று நான் பார்த்ததே இல்லை. என் கண்ணைக் கண்டதும் தோள் இரண்டும் மெதுவாக உள்ளே போயின. வேண்டுமென்று செய்யவில்லை. தனக்கு அது நடப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"முதுகு நிமிர்ந்துவிட்டது" என்றார் டாக்டர். "கட்டுச்சட்டை வேண்டாம். மிச்சம் இருப்பது என் வேலை இல்லை."

கினே என்னை ஓரமாக அழைத்துப்போனார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பயிற்சி சொல்லும் அதே குரலில் சொன்னார்: "எங்கே நிலை கலைகிறதோ அங்கேதான் பழக வேண்டும். இனி தினமும் பயிற்சியின்போது நீங்கள் அறையில் இருங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை முக்கியமாகச் சொல்லாதீர்கள்."

எந்தச் சொல் என்று நான் கேட்கவில்லை. செலின் சொல்லியிருப்பாள்.

கூடு இல்லை என்று துள்ளிக்குதித்திருக்க வேண்டும். பஸ்ஸில் பழைய நினைவுதான் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் முன்னால், பங்குச் சாமியார் முன்னால், என் அப்பா முன்னால் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அது மரியாதை என்று தெரியும். யாருடைய முதுகிலாவது அதை நான் பார்க்க நேரும் என்றுதான் தெரியாது. பக்கத்தில் செலின் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்காதபோது முதுகு நேராக இருந்தது. நான் பேச்சுக் கொடுக்கவில்லை, அது கலைந்துவிடுமே என்று.

7

வெள்ளிக்கிழமை மாலை அறையில் போய் உட்கார்ந்தேன். சுவரோரம் நின்றாள். குதிகால் பட்டது, இடுப்பு பட்டது, தோள் படவில்லை. அந்தச் சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன். மணல்பை தலையிலிருந்து விழுந்தது. அதில் இருப்பது இப்போது காரைக்கால் மணல். அக்காவே கடற்கரையில் அள்ளி, தைத்துக் கொடுத்தாள். லூர்து அடுப்படியிலிருந்து, "ஏங்க, நீங்க அங்க சாமி மாதிரி ஒக்காந்திருந்தா அவ என்ன செய்வா?" என்றாள்.

நேற்றும் அதேதான். சுவர், தோள், மௌனம். பிறகு நான்கு கால் நடைக்குக் கையை ஊன்றினாள். நாற்காலியில் நான் உயரத்தில் இருக்க, தரையில் அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது எனக்குத் தாங்கவில்லை. எழுந்தேன். வெளியே போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். ஏனோ முழங்கால் கீழே இறங்கியது. கையை ஊன்றினேன். ஐம்பதை நெருங்கும் இடுப்பு அதன் அபிப்பிராயத்தைச் சத்தமாகச் சொன்னது.

செலின் நின்று திரும்பிப் பார்த்தாள். இருவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. அந்த நிலையில் யார் யாருக்குத் தலை தாழ்த்துவது? பிறகு உதட்டை இழுத்து, அஞ்சலையின் அதே குரலில் கேட்டாள்:

"என்னா சார், இன்னிக்கி என்னா தொலைஞ்சுது?"

"திருகாணி" என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் சத்தம் தாங்காமல் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தார். நாங்கள் அசையாமல் நின்றோம். இடி ஓய்ந்ததும் செலின் முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். மேசையைச் சுற்றிப் போனோம், கட்டிலைச் சுற்றிப் போனோம். எனக்கு முன்னால் அவள் முதுகு பலகைபோல நீண்டு போய்க்கொண்டிருந்தது. நான் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தும்.